‘எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க’: அது ஏன்?

2022 ஜூன் மாசம் வந்த அந்த வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போ அமெரிக்க அதிபரா இருந்த ஜோ பைடன், டெலவேர் மாநிலத்துல ஒரு பூங்காவுல சைக்கிள் ஓட்டிட்டு வர்றார். ஓரமா நின்னு பார்த்துட்டு இருந்தவங்ககிட்ட பேசறதுக்காக நிறுத்துறார். நிறுத்தின அடுத்த நொடி அப்படியே பக்கவாட்டுல சாய்ஞ்சு விழுறார். வேகம் கிடையாது, ரோட்டுல குழி கிடையாது, யாரும் இடிக்கல. அப்போ அவருக்கு வயசு 79. மீம் போட்டவங்க எல்லாம் வயசைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா எழுந்ததும் அவர் சொன்ன காரணம் வேற. பெடல்ல இருந்த டோ கிளிப்ல கால் மாட்டிக்கிச்சு.

அதே மாதிரி விழுறதை சனிக்கிழமை காலையில ஈசிஆர்ல எந்த சிக்னல்லயும் பார்க்கலாம். அங்க விழுறவங்களுக்கு வயசு 20 இருக்கும், நல்ல ஃபிட்டா இருப்பாங்க. புதுசா கிளிப்லெஸ் பெடல் மாட்டியிருப்பாங்க, அவ்வளவுதான். விழுந்தவங்களைத் தூக்கி விடுற சீனியர் உடனே சொல்ற வசனமும் ஒண்ணுதான்: “விடு மச்சி, எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க.”

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நாம அப்படிப் பேசக் கூடாதுங்கறது என் கருத்து. ஒரு மெஷினைப் பயன்படுத்துற எல்லாருமே ஒரே இடத்துல, ஒரே மாதிரி தப்பினா, அதை லேப்ல நாம ‘ஃபெய்லியர் மோட்’னு எழுதுவோம். சைக்கிள்னு வந்தா மட்டும் ஏன் அதைச் சடங்கு மாதிரி கொண்டாடணும்?

பேர்லயே இருக்கிற குழப்பம்

கிளிப்லெஸ் பெடல்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். ஷூவோட அடியில கிளீட்னு ஒரு சின்னத் துண்டை ஸ்க்ரூ போட்டு மாட்டுவாங்க. பெடலை மிதிச்சா அது ‘டக்’னு பூட்டிக்கும். கழட்டணும்னா குதிகாலை வெளிப்பக்கமா திருப்பணும். காலை கிளிப் போட்டுப் பூட்டுற பெடலுக்கு எதுக்கு ‘கிளிப் இல்லாத’னு பேருனு முதல் நாள் எல்லாரும் கேட்பாங்க. அதுக்கு முன்னாடி இருந்தது டோ கிளிப், அதாவது பெடலோட முன்பக்கம் கூண்டு மாதிரி இருக்கும், அதுக்குள்ள ஷூவை நுழைச்சு வாரைப் போட்டு இறுக்கணும். பைடன் மாட்டிக்கிட்டது அதுலதான். அந்தக் கூண்டு இல்லாத பெடல்ங்கறதால இது கிளிப்லெஸ்.

டோ கிளிப்ல இருந்து கால் எடுக்கறது கஷ்டம்ங்கறது ரொம்ப நாளாவே எல்லாருக்கும் தெரியும். 1970-களோட தொடக்கத்துல இத்தாலியோட சினெல்லி நிறுவனம் எம்71னு ஒரு பெடல் கொண்டு வந்தாங்க. கூண்டு இல்ல, ஆனா கழட்டணும்னா குனிஞ்சு கையால ஒரு லீவரை நகர்த்தணும். சிக்னல்ல இதை யோசிச்சுப் பாருங்க! அப்புறம் 1984-ல பிரான்ஸோட லுக் நிறுவனம் கொண்டு வந்த பெடல்தான் ஆட்டத்தை மாத்தினது. லுக் அதுவரைக்கும் செஞ்சுட்டிருந்தது பனிச்சறுக்குக்கான பைண்டிங். பனிச்சறுக்குல விழும்போது கால் முறியாம இருக்க, ஷூ தானா கழண்டுக்கணும். அந்த யோசனையை பெடலுக்குக் கொண்டு வந்தாங்க. 1985-ல பெர்னார்ட் ஹினோ அதே பெடலோட டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சார். அதுக்கப்புறம் ரேஸ்ல டோ கிளிப் மெல்ல மெல்லக் காணாம போச்சு. 1990-ல ஷிமானோ எஸ்பிடி வந்துச்சு. நம்ம பசங்க முதல்ல வாங்குறது பெரும்பாலும் அந்த வகைதான்.

பாதுகாப்புக்காகப் பிறந்த யோசனைன்னா ஏன் விழுறோம்? இங்கதான் விஷயமே இருக்கு.

ஏன் நின்ன இடத்துல விழுறோம்?

பனிச்சறுக்குல விழும்போது நீளமான ஸ்கீ பலகை ஒரு நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு ஷூவைத் திருகும். அந்தத் திருகல்தான் பூட்டைத் திறக்குது. அதாவது, விழுற செயலே விடுதலையும் கொடுக்குது. சைக்கிள்ல வேகமா போய் விழும்போதும் பெரும்பாலும் உடம்பு திருகிக்கும், கால் தானா கழண்டுக்கும். ஆனா நின்ன இடத்துல சாயும்போது நீங்களும் சைக்கிளும் ஒரே பொருள் மாதிரி சேர்ந்து சாயறீங்க. ஷூவுக்கும் பெடலுக்கும் நடுவுல எந்தத் திருகலும் கிடையாது. அதனால பூட்டு திறக்கறதுக்குக் காரணமே இல்ல.

அடுத்தது நம்ம கால். சின்ன வயசுல இருந்து அதுக்கு நாம சொல்லிக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணு: சாய்ஞ்சா ஊனு. நம்ம அப்பா தலைமுறை பெரிய சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்டப்போ, பேலன்ஸ் போனா சைக்கிளைக் கீழ விட்டுட்டுக் குதிச்சிடுவாங்க. நாமளும் அப்படித்தான். சாயற உணர்வு வந்ததும் கால் மேல தூக்கி, பக்கவாட்டுல போகப் பார்க்கும். ஆனா மேல தூக்கினா விடக் கூடாதுங்கறதுக்காகத்தானே இந்தப் பெடலே செஞ்சிருக்காங்க? குதிகாலைத் திருப்பினா மட்டும்தான் அது விடும். பயத்துல யாரோட காலும் குதிகாலைத் திருப்பாது, நேரா இழுக்கும். இழுக்க இழுக்க பூட்டு தன் வேலையை ஒழுங்கா செய்யும்.

சரி, யோசிச்சுத் திருப்பிக்கலாமேன்னு கேட்பீங்க. எவ்வளவு நேரம் இருக்குனு கணக்குப் போடுவோம். மெக்கானிக்ஸ்ல படிச்ச தலைகீழ் ஊசல்தான் இது. உங்க நிறை மையம் தரையில இருந்து சுமார் 1 மீட்டர் உயரத்துல இருக்குனு வெச்சுக்குங்க. 1-ஐ 9.81-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.32 விநாடி. அதுதான் இந்த ஊசலோட கால அளவு. இதை வெச்சுப் பார்த்தா, 5 டிகிரி சாய்வு 30 டிகிரியா ஆக சுமார் 0.8 விநாடிதான் ஆகும். 30 டிகிரிக்கு அப்புறம் காலை எடுத்தாலும் ஊனிக் காப்பாத்தறது கஷ்டம். அந்த 0.8 விநாடியில முதல் பாதி ‘ஏன் கால் வரல?’னு புரியறதுக்கே போயிடும்.

இன்னொரு கணக்கு. ‘நின்ன இடத்துல விழுந்தா என்ன ஆகிடப் போகுது’ன்னும் சொல்வாங்க. 1 மீட்டர் உயரத்துல இருந்து விழுற பொருள் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். கிட்டத்தட்ட மணிக்கு 16 கி.மீ. ஸ்பீடாமீட்டர் பூஜ்யம் காட்டலாம், ஆனா உங்க இடுப்பும் கையும் கிட்டத்தட்ட அந்த வேகத்துலதான் தார் ரோட்டைத் தொடப் போகுது.

‘விடு மச்சி’க்கு யார் விலை கொடுக்கறாங்க?

போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒரு செகண்ட் இயர் பொண்ணு, புது பெடல் மாட்டின மூணாவது ரைடுல ஒரு ஜங்ஷன்ல இப்படித்தான் விழுந்தா. முன்னாடி போன ஆட்டோ சவாரி ஏத்தறதுக்காகத் திடீர்னு நின்னுச்சு. கையை ஊனினா. பின்னாடி வந்த யாரோ ஒருத்தரோட கேமராவுல அது பதிவாச்சு. சாயந்திரத்துக்குள்ள சிரிப்பு ஸ்மைலியோட குரூப்ல வந்துடுச்சு.

மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் இருக்கிற ஸ்கேஃபாய்ட் எலும்பு விரிசல். கையை ஊனி விழுறவங்களுக்கு ரொம்ப சகஜமா அடிபடுற எலும்பு அது. ரத்த ஓட்டம் கம்மிங்கறதால சீக்கிரம் ஆறாது. முதல் எக்ஸ்ரேல தெரியாமலே போறதும் உண்டு. வலது கை மாவுக்கட்டோட அவ அந்த செமஸ்டர் பிராக்டிக்கல் எழுத முடியல. ஆனா அவளுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் வேற. காலையில 5 மணிக்கு ரோட்டுல சைக்கிள் ஓட்ட வீட்டுல சம்மதம் வாங்கறதுக்கே அவளுக்கு ஒரு வருஷம் ஆச்சு. “இனிமே அந்தப் பேச்சே வேணாம்மா”னு அவங்க அப்பா சொல்லிட்டார். சைக்கிளையும் வித்தாச்சு.

அவளைப் பத்திப் பேசும்போதும் குரூப்ல சொன்னது அதேதான். “எல்லாரும் விழுவாங்க, அவ கொஞ்சம் சென்சிடிவ்.” கவனிச்சீங்களா? எல்லாரும் விழுவாங்கன்னா அது ஏற்பாட்டுல இருக்கிற குறை. அவ சென்சிடிவ்னா அது அவளோட குறை. ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்ல முடியாது. விழுந்து எழுந்து, அடுத்த வாரம் திரும்ப வர முடியறவங்கதான் அந்த வசனத்தைச் சொல்லிட்டு இருக்காங்க. திரும்ப வர முடியாதவங்க குரூப்லயே இல்ல, அதனால அவங்க குரல் கேக்காது. நாம பாக்கறது மிஞ்சி இருக்கறவங்களோட டேட்டாவை மட்டும்தான்.

அப்போ கிளிப்லெஸே வேணாமா?

அப்படிச் சொல்ல வரல. மேடு பள்ளத்துலயும் மழையிலயும் கால் வழுக்காது. வேகமா மிதிக்கும்போது பாதம் ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துல இருக்கும். ஸ்பிரின்ட் பண்ணும்போது தைரியமா அழுத்தலாம். இதெல்லாம் நிஜமான பலன்.

ஆனா ‘மேல இழுத்தும் பவர் கிடைக்கும், அதனால எஃபிஷியன்சி கூடும்’னு ஒரு கதை சுத்துதே, அதை அப்படியே நம்பாதீங்க. 2007-ல வெளியான ஒரு ஆய்வுல சைக்கிள் வீரர்களை வெவ்வேறு விதமா பெடல் பண்ண வெச்சுப் பார்த்தாங்க. மேல இழுத்து ஓட்டச் சொன்னப்போ, உடம்பு செலவழிக்கிற ஆற்றலுக்குக் கிடைக்கிற வேலை கூடல, குறைஞ்சது. அதனால காலேஜுக்கு வந்து போகவும், வாரத்துக்கு ஒரு தடவை 40 கி.மீ. ஓட்டவும் சாதாரண பெடலே போதும். ‘சீரியஸ் ரைடர்னா கிளிப்லெஸ் மாட்டணும்’னு யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுங்க.

மாட்டறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? அப்போ ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒதுக்குங்க.

அந்த அரை மணி நேரத்துல செய்ய வேண்டியது

முதல்ல ஸ்க்ரூவைப் பாருங்க. எஸ்பிடி பெடல்ல பூட்டோட இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஆலன் கீயால அதைக் குறைஞ்ச இறுக்கத்துல வைங்க, ரெண்டு பெடல்லயும் ரெண்டு பக்கமும். ஷிமானோவோட எஸ்எச்56 கிளீட் ஒரு பக்கமா மட்டும் இல்லாம பல திசையில திருப்பினாலும் விடும். புதுசா கத்துக்கறவங்களுக்கு அது நல்லது.

கிளீட்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டும் இறுக்கமா இருக்கானு மாசம் ஒரு தடவை பாருங்க. இதை யாரும் சொல்றதில்ல. ஒரு போல்ட் கழண்டு விழுந்துட்டா, நீங்க குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடல்லயே உட்கார்ந்திருக்கும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அப்போ கால் வராது.

அடுத்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள் மேல உட்கார்ந்து ஒவ்வொரு காலையும் 50 தடவை பூட்டிக் கழட்டுங்க. போர் அடிக்கும். பரவாயில்ல, யோசனை இல்லாம கால் தானா திரும்பற வரைக்கும் பண்ணணும். அப்புறம் கிரவுண்ட்ல புல் இருக்கிற பக்கம் போய் ஓட்டுங்க, நிறுத்துங்க, திரும்ப ஓட்டுங்க. நடுவுல ஃப்ரெண்டு ஒருத்தரைத் திடீர்னு ‘நில்லு’னு கத்தச் சொல்லுங்க. நம்ம ஊர் ரோட்டுல ஆட்டோவும் மாடும் முன்கூட்டியே சொல்லிட்டு வராது.

நிறுத்தறதுக்கு முன்னாடியே, இன்னும் சைக்கிள் ஓடிட்டு இருக்கும்போதே, இடது காலைக் கழட்டிடுங்க. நாம போறது ரோட்டோட இடது பக்கம். இடது பக்கம் சாய்ஞ்சா ஓரத்துல விழுவீங்க, வலது பக்கம் சாய்ஞ்சா வண்டி வர்ற பக்கம். இடது காலைக் கழட்டிட்டு உடம்பை வலது பக்கம் சாய்க்கறதுதான் புதுசா ஓட்டறவங்க அடிக்கடி மாட்டற இடம். அதனால உடம்பை லேசா இடது பக்கம் சாய்ச்சு நிறுத்தப் பழகுங்க.

அப்படியும் சாய்ஞ்சிட்டீங்க, கால் வரலன்னா கையை நீட்டாதீங்க. ஹேண்டில்பாரைப் பிடிச்சபடியே முழங்கையை உள்ள வெச்சுக்கிட்டு, இடுப்பும் தோளும் பக்கவாட்டுல தரையை வாங்கட்டும். சிராய்ப்பு வரும், மணிக்கட்டு பிழைக்கும்.

நம்ம கிளப்புக்கு என் கோரிக்கை சின்னதுதான். புதுசா கிளிப்லெஸ் மாட்டின யாரும் இந்த அரை மணி நேரம் முடிக்காம குரூப் ரைடுக்கு வரக் கூடாதுனு ஒரு விதி போடுங்க. ஒவ்வொரு மாசமும் ரைடுக்கு முந்தின நாள் சாயந்திரம் கிரவுண்ட்ல ரெண்டு சீனியர் நின்னா போதும், காசு செலவு கிடையாது. விழுந்தவங்க வீடியோவை அவங்க சம்மதம் இல்லாம குரூப்ல போடக் கூடாதுங்கறதையும் அதோட சேர்த்துக்குங்க.

நாங்க ஃபைனல் இயர், ஏப்ரலோட கிளம்பிடுவோம். இந்த விதி வந்தா பலன் உங்களுக்குத்தான். இதைப் படிக்கிற ஜூனியர்ஸ் யாராவது அடுத்த கிளப் மீட்டிங்ல எழுந்து கேளுங்க. ‘எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க’னு யாராவது பதில் சொன்னா, ஏன்னு திரும்பக் கேளுங்க.