"ஆர் பழக்கினது?" என்று கேட்டுவிட்டோம்

நாரந்தனையில் படிப்பிக்கும் எங்களைப் பார்க்கப் பொங்கல் லீவில் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டோம். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

"படிப்பு எப்படிப் பிள்ளை?" என்றதும் அழுதாள். வகுப்பில் ஆங்கிலத்தில் பேச எழும்பினால் கை நடுங்குமாம், நெஞ்சு அடிக்குமாம். இரவில் நித்திரை இல்லை. விடுதியில் ஒருநாள் தோழி சோடாவில் கலந்து கொடுத்ததைக் குடித்திருக்கிறாள். அன்று நன்றாக நித்திரை வந்ததாம். பிறகு அது கிழமைக்கு மூன்று நாளாகிவிட்டது.

எங்கள் வாயில் முதலில் வந்தது, "ஆர் பழக்கினது?" அதோடு பிள்ளை வாயை மூடிவிட்டாள்.

மது எங்களுக்கு ஹராம். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி பிழை. "எதுக்குப் பயப்படுகிறாய்?" என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

வைத்தியர்கள் பதகளிப்பு என்று சொல்லும் அந்தப் பயத்தை மது சில மணித்தியாலம்தான் அடக்கும். அது இறங்கும்போது பயம் முன்னையைவிடக் கூடித் திரும்பி வரும். விடியப்புறம் மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பார்கள். அதை அடக்க மறுபடியும் குடி. பெண்ணுடலில் நீர் குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். இதற்கு மேல், தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. தவறணை வாசலில் நிற்கும் ஆம்பிளைக்கு அந்தப் பயம் இல்லை.

பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979 இல் விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பக் கொண்டுவரச் சொன்னார். நாடே கலாசாரம் பேசியது. ஒரு பெண் ஏன் குடிக்கிறாள் என்ற கேள்வி மட்டும் எங்கள் காதில் விழவில்லை.

எங்களுக்கும் இதில் பங்குண்டு. இசட் புள்ளி வந்த அன்று மாலை போட்டு, "ஊரின் மானம் உன் கையில்" என்று பண்ணைப் பாலம் தாண்டி அனுப்பியது நாங்கள்தானே. தோற்றால் என்ன செய்வது என்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். தன் விடைத்தாளைத் திருத்துபவரிடம் போய், "நான் குடிக்கிறேன் சேர்" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? பரீட்சையோடு சம்பந்தமில்லாத, பயிற்சி பெற்ற ஒரு பெண் உளவளத்துணையாளரை விடுதிக்குப் பக்கத்திலேயே இருத்துங்கள். நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

அதுவரைக்கும், இதை வாசிக்கும் பிள்ளைகளே, அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் காசு தேவையில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம்.

எங்கள் பிள்ளை இப்போது கிளினிக் போகிறாள். முதல்நாள் கூடப் போனது எங்கள் ரீச்சர் ஒருவர். வீட்டில் தலையிடிக்கு மருந்து எடுக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாளாம்.