தாம்பரம், 1938: பழைய ஏற்பாடு எதற்கு?

கிழக்குத் தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியைத் தாண்டி தினமும் எத்தனையோ பேர் போகிறார்கள். 1938 டிசம்பரில் அந்த மரங்களுக்கு நடுவே ஒரு உலக மாநாடு நடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ! சர்வதேச மிஷனரி கவுன்சில் கூட்டிய மாநாடு அது. முதலில் சீனாவில், ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் அங்கே படையெடுத்ததால் தாம்பரத்துக்கு வந்தது. கல்லூரியே பாரிமுனைப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

மாநாட்டுக்கென்றே ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் தடிமனாக ஒரு புத்தகம் எழுதியிருந்தார். மற்ற மதங்களின் நிறைவாக கிறிஸ்துவைக் காட்டுவது தவறு என்பது அவர் கட்சி. அதே வருடம் சென்னையில் சில இந்தியக் கிறிஸ்தவர்கள் 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா' என்று ஒரு புத்தகம் போட்டு எதிர்வாதம் வைத்தார்கள். அதில் எழுதிய சக்கரை செட்டியார் பின்னாளில் சென்னை மேயரானவர். இன்னொருவர் பி. சென்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். யூதர்களின் பழைய ஏற்பாட்டைத் தாண்டித்தான் ஒரு இந்தியன் கிறிஸ்துவிடம் வர வேண்டுமா, அவனுடைய இந்து மரபே அந்த இடத்தில் நிற்கக் கூடாதா என்பது சென்சையாவின் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆபிரகாம், தாவீது என்று அடுத்த வீட்டு வம்சாவளியை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஆனால் அந்த வம்சாவளியை எடுத்துவிட்டால் 'கிறிஸ்து' என்ற பட்டமே அர்த்தம் இழக்கிறது. அபிஷேகம் பெற்றவர் என்று பொருள். யார் எதிர்பார்த்தவர்? யாருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது? அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு எத்தியோப்பிய அதிகாரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா 53ஐப் படிக்கிறார், யாரைப் பற்றியது என்று புரியவில்லை. பிலிப்பு அங்கிருந்து ஆரம்பித்துத்தான் இயேசுவைச் சொல்கிறான். புத்தகம் முன்பே கையில் இருந்ததால் அந்த உரையாடல் நடந்தது. (யூதர்கள் பலர் அதே அதிகாரத்தை இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றியது என்றே வாசிக்கிறார்கள். அந்த வாசிப்புக்கும் மரியாதை உண்டு.)

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 1933லேயே பெர்லினில் நாஜி ஆதரவுக் கிறிஸ்தவர்கள் கூட்டம் போட்டு, யூத நூல் என்று சொல்லி பழைய ஏற்பாட்டைத் தூக்கி எறியச் சொன்னார்கள். தாம்பரம் மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 1938 நவம்பரில், ஜெர்மனியில் யூத ஜெப ஆலயங்கள் எரிந்தன. சென்சையாவின் நோக்கம் முற்றிலும் வேறு. அவரை அந்தக் கூட்டத்தோடு சேர்ப்பது அநியாயம். ஆனாலும் வேரை வெட்டினால் யாரெல்லாம் கோடாரியோடு வருவார்கள் என்பதை அந்த வருடம் காட்டிவிட்டது.

சென்சையாவின் கேள்விக்கு நம் ஊர்ப் பிரசங்கங்களும் ஒரு காரணம் என்று சொல்லலாம். தீர்க்கதரிசனம் என்றாலே நாடி ஜோசியம் மாதிரி ஆகிவிட்டது: இத்தனை முன்னறிவிப்பு, இத்தனையும் பலித்தது, கணக்கு சரி! மீகா 5இல் பெத்லகேம் வருவது அந்தக் கணக்கில் அழகாகப் பொருந்தும். ஓசியா 11 பொருந்தாது. எகிப்திலிருந்து மகனை அழைத்ததாக அங்கே வருவது, நடந்து முடிந்த யாத்திரையைப் பற்றியது. எதிர்காலம் பேசவே இல்லை. மத்தேயு அதை குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதோடு சேர்த்து, நிறைவேறியது என்கிறார். பொய் சொல்கிறாரா? இல்லை. இஸ்ரவேல் நடந்த பாதையை இந்த ஒருவர் மறுபடி நடந்து முடிக்கிறார் என்கிறார். பாதி நிரம்பிய குடம் நிரம்புகிறது. அந்தக் குடத்தை மாற்றிவிட்டு நிறைவு என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் சென்சையாவிடம் திருப்பிக் கேட்க வேண்டியது.

டிசம்பர் வந்தால் ஒன்பது வாசிப்புகளோடு கேரல் ஆராதனை நடத்தும் சபைகள் உண்டு. முதல் வாசிப்பில் மாட்டுத்தொழுவம் கிடையாது. ஆதியாகமம் 3, ஏதேன் தோட்டம். பாதிப் பேர் அப்போதுதான் இடம் தேடி உட்கார்ந்துகொண்டிருப்பார்கள்.