யாருடைய சின்ன வயசு?

லெகோ நிறுவனம் 2023இல் கொண்டுவந்த பேக்-மேன் ஆர்கேட் பொம்மையை விழுப்புரத்தில் தம்பி வீட்டில் பார்த்தேன். 2,651 துண்டுகள். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மஞ்சள் வாயனும் பேய்களும் நகர்கின்றன. காசுத் துளை ஒளிர்கிறது. நேர்த்தியான வேலைதான், மறுக்கவில்லை.

"அக்கா, இது நம்ம சின்ன வயசு" என்றான்.

அந்த 'நம்ம'வோடுதான் எனக்குச் சண்டை. திண்டிவனத்தில் வீடியோ கேம் கடைக்குள் அவன் போவான். நான் வெளியே வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்று பலகை எதுவும் இல்லை. தேவைப்படவில்லை. இத்தனைக்கும் நாம்கோவின் டோரு இவாடானி 1980இல் இந்த விளையாட்டைச் செய்ததே பெண்களையும் உள்ளே வரவழைக்கத்தான். (பெண் என்றதும் அவருக்குத் தின்பது ஞாபகம் வந்திருக்கிறது. அது தனிச் சண்டை.)

பெட்டியில் 18+ என்று போட்டு, நடுவயது ஆண்களின் ஏக்கத்தை ஒரு தலைமுறையின் ஞாபகமாக விற்கிறார்கள். என் ஞாபகம் சூடேறிய ஹேண்டில்பாரும் உள்ளிருந்து வந்த சத்தமும். அதற்குத் துண்டு எதுவும் இல்லை.

கட்டி முடிக்க மூன்று ஞாயிறு ஆனதாம். அந்த ஞாயிறுகளில் சமைத்தது யார் என்று தம்பி மனைவியைக் கேட்டேன். சிரித்தாள். கைப்பிடியை இதுவரை சுற்றியதில்லையாம். தினமும் தூசு மட்டும் துடைக்கிறாளாம்.