அந்தக் கிழவிக்கு எத்தனை ஏக்கர்?

சூனியக்காரி கதைக்கு எப்போதும் நல்ல கிராக்கி. சரித்திர நாவல், சினிமா, தொலைக்காட்சித் தொடர், எங்கே திரும்பினாலும் அவள்தான். விரித்த தலை, சிவந்த கண், கையில் மண்டை ஓடு. சுற்றிலும் தீப்பந்தம் ஏந்திய ஜனங்கள். கடைசியில் நெருப்பு. கதாசிரியர் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, "ஐயோ, அந்தக் காலத்து மக்களின் அறியாமை!" என்று முடித்துவிடுகிறார்.

அறியாமையாம்! நாம் ஒன்று கேட்கிறோம். அறியாமைக்குக் கண் கிடையாது அல்லவா? கண் இல்லாத அந்த அறியாமை, ஊரில் இத்தனை வீடு இருக்க, விதவை வீட்டையும் கிழவி வீட்டையும் எப்படித் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டுகிறது?

உலகமெல்லாம் பேசும் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1692, வட அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாயிருந்த மாசசூசெட்ஸ், சேலம் கிராமம். முதலில் பிடிபட்டவர்கள் மூன்று பெண்கள். ஒருத்தி சாரா குட். வசதியான வீட்டில் பிறந்தும் தகப்பன் சொத்து கைக்கு வராமல் வாசல் வாசலாகப் பிச்சை எடுத்தவள். இரண்டாமவள் சாரா ஆஸ்போர்ன். முதல் கணவன் பிள்ளைகளுக்கென்று எழுதிவைத்த நிலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டாள் என்று சொந்தக்காரர்களின் பகையைத் தேடிக்கொண்டவள். மூன்றாமவள் டிடூபா, பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டு அடிமை.

ஆஸ்போர்னின் நிலத் தகராறில் எதிர்த்தரப்பாக நின்ற உறவு யார்? புட்னம் குடும்பம். இந்த மூவர்மீதும் புகார் கொடுத்தவர்களில் இரண்டு பேர் எந்தக் குடும்பம்? அதே புட்னம் குடும்பம்! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பேய் பிசாசைக் கூப்பிட வேண்டியதில்லை, ஒரு கிராம முன்சீப் போதும்.

அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் 14 பேர் பெண்கள். (தூக்கில்தான் போட்டார்கள், எரிக்கவில்லை. நெருப்பு நம் கதாசிரியர்கள் சேர்த்த மசாலா.) ஒரு கிழவரைக் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். ஆஸ்போர்ன் சிறையிலேயே செத்தாள். நாளாக நாளாகக் குற்றச்சாட்டு பெரிய இடங்களை எட்டியது. கவர்னர் பிப்ஸின் மனைவி பெயர்கூட அடிபட்டது. 1692 அக்டோபரில் கவர்னர் அந்தக் கோர்ட்டையே கலைத்துவிட்டார்! அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பிச்சைக்காரியைப் பிடித்தபோது வராத புத்தி எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்த வழக்கை வைத்து 1953இல் ஆர்தர் மில்லர் ஒரு நாடகம் எழுதினார். மக்கார்த்தி கும்பல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம் அது. அஞ்சாமல் எழுதினார். 1956இல் விசாரணைக் கமிட்டி முன் நிறுத்தியபோதும் அடுத்தவர் பெயரைக் காட்டிக் கொடுக்க மறுத்தார். அந்தத் துணிவுக்கு நம் வணக்கம். ஆனால் நண்பர் என்பதற்காகக் குறையை விழுங்க முடியாது. நிஜத்தில் அபிகெயில் என்ற பெண் 11 அல்லது 12 வயதுக் குழந்தை. ஜான் பிராக்டர் 60 வயதுக் கிழவர். மில்லர் அவளை 17 வயதாக்கினார், அவரை முப்பதுகளில் வைத்தார், இருவருக்கும் கள்ளக் காதல் கட்டினார். நாடகத்தில் நிலச்சண்டையும் வருகிறது, ஆனால் ஓரத்தில். நடுக்கூடத்தில் நிற்பது ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஆசை! ஊரே எரிந்ததற்கு ஒரு பெண்பிள்ளை காரணம் என்ற பழைய பல்லவிதானே இது?

நம் நாட்டுக்கு வருவோம். இது 300 ஆண்டுப் பழங்கதை அல்ல. ஜார்க்கண்டில், அஸ்ஸாமில், ஒடிசாவில் இன்றும் நடக்கிறது. சூனியம் என்று காரணம் குறிக்கப்பட்ட கொலைகள் 2022இல் மட்டும் 85 என்று சர்க்கார் கணக்கே சொல்கிறது. சந்தால் ஆதிவாசிகளிடையே விதவைக்குக் கணவன் நிலத்தில் ஆயுள் பாத்தியதை உண்டு. அவள் உயிரோடு இருக்கும்வரை கொழுந்தன்மார் அதில் ஏர் பூட்ட முடியாது. அவளை 'டாயின்' என்று ஓஜா சொல்லிவிட்டால்? ஓடிப்போவாள், அல்லது சாவாள். நிலம் வரப்பு மாறாமல் கைமாறும்.

இதைத் தடுக்கப் பீகார் 1999இல் சட்டம் போட்டது. ஜார்க்கண்ட் 2001இல் அதையே எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணை டாயின் என்று முத்திரை குத்தினால் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாய்! ஒரு ஏக்கர் நிலத்துக்கு ஆயிரம் ரூபாய் மலிவு விலையல்லவா?

"கையில் கட்டை பிடித்து அடித்தவனும் ஏழைதானே?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆம், ஏழைதான். 2025 ஜூலையில் பீகாரின் பூர்ணியா மாவட்டத்தில் ஒரே ஆதிவாசிக் குடும்பத்தில் ஐந்து பேரைக் கொன்று எரித்தார்கள். அடித்தவர்களும் ஆதிவாசிகள். அங்கே நிலம் அல்ல, ஒரு குழந்தையின் சாவுதான் தொடக்கம். காய்ச்சல் கண்டால் ஊசி போட ஆளில்லாத ஊரில் ஓஜாதான் டாக்டர். மருந்து பலிக்காவிட்டால் அவன் தன்மேல் பழி ஏற்பானா? ஒரு கிழவியைக் காட்டுகிறான். ஆஸ்பத்திரி கட்டாதவன் தப்பித்துக்கொள்கிறான்.

அதனால் அடித்தவன் கையில் ரத்தம் இல்லை என்று ஆகிவிடாது. மகாஸ்வேதா தேவி வங்காளியில் எழுதிய 'பாயேன்' கதையைப் படித்தவர்களுக்கு இது தெரியும். செத்த குழந்தைகளைப் புதைக்கும் டோம் சாதிப் பெண் சண்டிதாசி. அவளைப் பாயேன் என்று பறையடித்து ஊருக்கு அறிவிப்பது யார்? பண்ணையாரா? அவள் புருஷனே! சொந்த மகன் அவள் முகம் பார்க்கக்கூடாது. கடைசியில் கொள்ளைக்காரர்கள் தண்டவாளத்தில் மூங்கில் அடுக்கியபோது, ரயிலை நிறுத்தி அவள் உயிரை விடுகிறாள். அப்போதுதான் ஊர் அவளை மனுஷி என்கிறது. சரித்திரம் தெரிந்தவர் எழுதினால் கதை இப்படி இருக்கும்.

நமக்கு இதில் என்ன என்று தொண்டாமுத்தூர்க்காரர்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் யாரையும் எரிக்கவில்லைதான். ஆனால் கிணறு வற்றினால், மாடு செத்தால், "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு எழுகிறதா இல்லையா? அப்போது நீளும் விரல் ஒரு நாளாவது தோட்டத்துக்காரர் வீட்டை நோக்கி நீண்டதுண்டா? புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் ஷிப்டுக்குப் போகும் ஆலைத் தொழிலாளி நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறானே, அவனுக்குச் சங்க அட்டை எதற்கு? 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோவையைப் பிளேக் சூறையாடியது. கொண்டுவந்தது எலியின் உடம்பிலிருந்த தெள்ளுப்பூச்சி. நம் முன்னோர் பயந்து பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். கோயில்கள் இன்றும் இருக்கின்றன. சாமியைக் கும்பிட்டார்கள். அந்தப் பயமே ஒரு கிழவிமேல் திரும்பியிருந்தால்?

சத்தீஸ்கர் எல்லைவரை போக முடியாத எழுத்தாளருக்கும் எழுத விஷயம் இருக்கிறது. ஜார்க்கண்டின் சுட்னி மகதோவை 1995இல் டாயின் என்று அடித்துத் துரத்தினார்கள். அவர் ஒளிந்துகொள்ளவில்லை, தன்னைப்போல் துரத்தப்பட்ட பெண்களை மீட்கும் வேலையில் இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவரைப்பற்றித் தமிழில் நாவல் எங்கே?

அதுவும் வேண்டாம், டிடூபாவையே எழுதுங்கள். எஜமான் அடித்து ஒப்புக்கொள்ள வைத்தான் என்று பின்னால் அவள் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. விசாரணை முடிந்து மற்றவர்கள் வீடு போனார்கள். அவள் போக முடியவில்லை. அந்தச் சிறையில் கைதிதான் தன் சோற்றுக்கும் தன் காலில் பூட்டிய விலங்குக்கும் காசு கட்ட வேண்டும். பாதிரியார் அந்தப் பாக்கியைக் கட்ட மறுத்துவிட்டார். ஓராண்டுக்குமேல் கிடந்தாள். பிறகு யாரோ ஒருவன் பாக்கியைக் கட்டி அவளை வாங்கிக்கொண்டு போனான். அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.