சத்தமில்லாத கீபோர்டும் மூத்தம்மாவின் கவியும்



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு உங்கள் வீட்டு மூத்தம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது என்னவென்று கடைசியில் சொல்கிறோம்.

கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் லீவில் வந்தபோது பாடசாலைக்கு ஒரு கீபோர்ட் கொண்டு வந்து தந்தார். 49 கட்டைகள், ஒரு யூ.எஸ்.பி வயர், அவ்வளவுதான். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பழகும் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கணினியில் குத்தினோம், லைட் எரிந்தது. கட்டையை அமுக்கினோம், ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கரைத் தேடினோம், அதுவும் இல்லை. "சேர், பழுதான சாமான தந்திட்டாங்க போல" என்றான் ஒருவன். நாங்களும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அது மிடி கொன்ட்ரோலர். மேடையில் வாசிக்கிற கீபோர்ட் வேறு, இது வேறு. இதற்குள் சத்தமே கிடையாது. ஒரு கட்டையை அமுக்கினால் எந்தக் கட்டை, எவ்வளவு பலமாக, எப்போது விட்டது என்ற தகவல்கள் மட்டும் இலக்கங்களாகக் கணினிக்குப் போகும். நடுவில் இருக்கும் 'சி' கட்டைக்கு இலக்கம் 60. அமுக்கும் பலத்துக்கு 127 வரை ஓர் இலக்கம். இதைச் சத்தமாக மாற்றுவது கணினியில் இருக்கும் மென்பொருள். அதே இலக்கங்களைப் பியானோவாகவும் கேட்கலாம், புல்லாங்குழலாகவும் கேட்கலாம், றபானாகவும் கேட்கலாம்.

இந்த மிடி புதுச் சரக்கு அல்ல. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வெவ்வேறு கம்பனிகளின் கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசிக்க மற்றது பாடியது. அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ ககெஹாஷி ஆகியோர் அதற்கு முன்னின்று உழைத்தவர்கள். 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. நாற்பது வருடங்களுக்குப் பிறகும் உலகம் அதே மொழியில்தான் பேசுகிறது.

எங்களைப் போல யாரும் இரண்டு நாள் மினக்கெடக் கூடாது என்பதற்காக முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறோம்.

1. மென்பொருளைத் திறக்கும் முன்பே கீபோர்டைக் குத்துங்கள். பிறகு குத்தினால் சில மென்பொருட்களுக்கு அது தெரியாது.

2. மென்பொருளின் அமைப்புப் பகுதியில் மிடி உள்ளீடு என்ற இடத்தில் உங்கள் கீபோர்டின் பெயர் இருக்கும். அதை இயங்கச் செய்யுங்கள். அநேகமாக நாம் தவறவிடுவது இதைத்தான்.

3. புதிய ட்ராக் ஒன்றைத் திறந்து அதில் ஒரு மென்பொருள் வாத்தியத்தைப் போடுங்கள். வாத்தியம் போடாத ட்ராக்கில் இலக்கங்கள் வந்து விழும், சத்தம் வராது.

4. அந்த ட்ராக்கின் சிவப்புப் பதிவுப் பொத்தானையும், நேரடியாகக் கேட்கும் பொத்தானையும் அமுக்குங்கள். இப்போது கட்டையைத் தொட்டால் சத்தம் வரும், இன்ஷா அல்லாஹ்.

சத்தம் வந்ததும் அடுத்த பிரச்சினை தாமதம். கை அமுக்கிய பிறகு கொஞ்சம் பிந்திச் சத்தம் வந்தால் எந்தப் பிள்ளையாலும் வாசிக்க முடியாது. பஃபர் என்ற அளவைப் பாருங்கள். கணினி ஒரு செக்கனைப் பொதுவாக 44,100 துண்டுகளாக வெட்டிக் கையாளும். பஃபர் 1024 என்றால் அதிலேயே ஏறக்குறைய 23 மில்லி செக்கன் பிந்தும். 128 என்றால் 3 மில்லி செக்கன்தான். விண்டோஸ் கணினியில் ஏசியோ வகை ட்ரைவர் ஒன்றையும் போட வேண்டும். பதியும்போது பஃபரைக் குறையுங்கள், எல்லாம் பதிந்து கலக்கும்போது கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பழைய கணினி திக்கித் திக்கிப் பாடும்.

மென்பொருளுக்கு வருவோம். எங்கள் ஊரில் பயான் பதிவு செய்கிறவர்களுக்கு ஓடாசிட்டி பழக்கம். குரலுக்கு அது மிக நல்லது, ஆனால் கீபோர்டை இணைத்து வாசித்துப் பதிவதற்கு உதவாது. வேவ்ஃபோம் ஃப்ரீ என்ற மென்பொருள் இலவசம். ரீப்பரை 60 நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம். அப்பிள் கணினி வைத்திருப்போருக்குக் கராஜ்பேண்ட் இருக்கிறது. களவாக உடைத்த மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டு வந்து தராதீர்கள். வைரஸ் ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு ஹலால் ஹராம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் களவுச் சாமானை வைத்துப் படிப்பிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் செய்முறை. நாங்கள் சொல்ல வந்த கதை இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

பிள்ளைகளில் ஒருத்தியின் மூத்தம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாவிக் கரையில் வீடு. வெள்ளாமைக் காலத்துக் கவியும் தாலாட்டும் அவவிடம் நிறைய இருக்கின்றன. போட்டிக்கு அதில் ஒன்றை எடுப்போம் என்று லெப்டொப்பையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போனோம். மூத்தம்மா சந்தோசமாகப் பாடத் தொடங்கினா. கீபோர்ட் வாசிக்கும் பையனால் பிடிக்க முடியவில்லை. அவவின் குரல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றது. மென்பொருள் டிக் டிக் என்று தாளம் போட்டது, அவ அந்த டிக்குக்கு நிற்கவில்லை. நாங்கள் மெதுவாகச் சொன்னோம், "மூத்தம்மா, இந்தச் சத்தத்துக்குப் பாடுங்க. கொஞ்சம் சுதியையும் கூட்டுங்க."

இரண்டு முறை முயன்று பார்த்தா. பிறகு, "எனக்கு மறந்து போச்சு மகன்" என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போய்விட்டா. அவவுக்கு மறக்கவில்லை. எண்பது வருடம் சரியாகப் பாடிய ஒருத்தியிடம் நீ பிழையாகப் பாடுகிறாய் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். திரும்பி வரும் வழியில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. மென்பொருளைத் திறந்தால் அது தானாகவே நிமிடத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு தாளம், சமமாகப் பிரித்த பன்னிரண்டு சுரங்கள் என்று தயாராக நிற்கிறது. அது வேறு எங்கோ, வேறு ஒரு பாட்டுக்காக வைத்த ஏற்பாடு. எங்கள் கவிக்குத் தட்டு இல்லை, மூச்சுத்தான் தாளம். எங்கள் பொல்லடிக்குத் தட்டு உண்டு, ஆனால் மெதுவாகத் தொடங்கிப் போகப் போக விறுவிறுப்பாகும். கீபோர்டை அமைப்பது என்றால் சத்தம் வரச் செய்வது மட்டும் என்று நினைத்திருந்தோம். அதை எங்கள் பாட்டுக்குப் பணிய வைப்பதும் அமைப்பதுதான். நாங்களோ மூத்தம்மாவைக் கீபோர்டுக்குப் பணியச் சொன்னோம்.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும் போனோம். இம்முறை கீபோர்டைக் கொண்டு போகவில்லை. ஒரு மைக், ஒரு லெப்டொப். டிக் சத்தத்தை நிறுத்திவிட்டோம். அவ விரும்பியபடி பாடினா, நாங்கள் பதிந்தோம். பாடசாலைக்கு வந்து அந்தக் குரலைக் கேட்டுக் கீபோர்டைத் திருத்தினோம். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையில் இருக்கும் தூரத்தை 100 சென்ட் என்று கணக்கிடுவார்கள். மென்பொருள் வாத்தியத்தின் சுருதியைச் சென்ட் சென்ட்டாக நகர்த்தலாம். கிட்டத்தட்ட 30 சென்ட் இறக்கியதும் அவவின் குரலோடு பொருந்தியது. இழுத்துப் பாடும் இடங்களுக்குக் கீபோர்டின் இடப் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது, பிட்ச் பென்ட் என்பார்கள். கட்டை முழுப் படியாகத் தாவும், இந்தச் சக்கரம் 16,384 சிறு படிகளில் வழுக்கும். இழுவைக்கு இதுதான் உயிர். ஆகவே கீபோர்ட் வாங்குகிறவர்கள் இந்தச் சக்கரமோ அதற்கான தொடுபட்டியோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில சின்னக் கீபோர்டுகளில் இருப்பதில்லை. பதிந்த பிறகு குவான்டைஸ் என்ற பொத்தானையும் தொடாதீர்கள். அது எல்லாச் சுரத்தையும் தட்டுக்கு இழுத்து நேராக்கிவிடும், கவி செத்துப்போகும்.

இப்போது முக்கியமான விசயம். எங்கள் ஊர்களில் பெண்களின் குரலைப் பொதுவில் போடுவதை அநேக குடும்பங்கள் விரும்புவதில்லை. அந்த மூத்தம்மாவின் குடும்பமும் அப்படித்தான் சொன்னது. அது அவர்களின் முடிவு, நாங்கள் மதிக்கிறோம். ஆனால் எங்கள் கவியையும் தாலாட்டையும் அதிகம் காத்து வைத்திருப்பவர்கள் பெண்கள்தான். குரலும் வெளியே வராது, இராகமும் எழுதப்படாது என்றால் அவர்கள் மவுத்தாகும்போது அதுவும் கபுறுக்குள் போய்விடும். இந்த இடத்தில்தான் சத்தமில்லாத அந்தப் பெட்டி எங்களுக்குக் கை கொடுக்கிறது. குரல்பதிவைக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டோம். பையன் அந்த இராகத்தை வசனம் வசனமாகக் கேட்டு வாசித்தான். மிடி கோப்பில் யாருடைய குரலும் இல்லை, இராகம் மட்டும் இருக்கிறது. சில கிலோபைட்தான், ஒரு போட்டோவை விடச் சிறியது. வட்ஸ்அப்பில் அனுப்பலாம். அந்த இராகத்தை எந்தப் பிள்ளையும் கேட்டுப் பழகலாம்.

முடித்ததும் மூத்தம்மாவிடமே போட்டுக் காட்டினோம். ஹெட்செட்டைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டா. இரண்டு இடத்தில் கையைக் காட்டி, "இந்த இடத்துல இன்னும் இழுக்கணும்" என்றா. திருத்தினோம். இம்முறை பரீட்சகர் அவ, மாணவர்கள் நாங்கள்.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் எங்கள் நாட்டார் பாடல்களைத் தேடித் திரிந்து நூலாக்கினார்கள். அல்லாஹ் அவர்களின் உழைப்பைப் பொருந்திக்கொள்வானாக. அந்த நூல்களால் சொற்கள் தப்பின. ஆனால் புத்தகத்தைத் திறந்து ஒரு பிள்ளையிடம் பாடச் சொன்னால் எந்த இராகத்தில் என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள்.

சுவாமி விபுலாநந்தரை நினைத்துப் பாருங்கள். 1892இல் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் படித்தவர். வழக்கொழிந்துபோன யாழ்களின் சுருதியைப் பழைய ஏடுகளிலிருந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கப் பல வருடம் பாடுபட்டு யாழ் நூலை எழுதினார். அது 1947இல் அரங்கேறியது, அதே வருடம் அவரும் காலமானார். வாசித்தவர்கள் எல்லாம் மறைந்த பிறகு இசையைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அந்த நூலே சாட்சி. எங்களுக்கு அந்தக் கஷ்டம் இன்னும் வரவில்லை. பாடுகிறவர்கள் அடுத்த வளவில் உயிரோடு இருக்கிறார்கள்.

எங்கள் வாவியின் பாடும் மீனைக்கூட லாங் என்ற அமெரிக்கப் பாதிரியார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தார், அது வானொலியிலும் ஒலித்தது. மீனுக்குக் கிடைத்த கவனம் எங்கள் உம்மாமாருக்குக் கிடைக்கவில்லை என்பது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

சிலருக்குச் சில கேள்விகள் இருக்கும் என்று தெரியும்.

"இசைக்கருவி கூடுமா?" உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு, தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்லர். கூடாது என்று கருதுகிறவர்கள் கீபோர்டைத் தொடவே வேண்டாம். போனில் குரலைப் பதிந்து வீட்டுக்குள் பத்திரப்படுத்துங்கள், அதுவே பெரிய வேலை. மற்றவர்கள் இராகத்தை எழுதி வைக்கும் ஒரு பேனையாக இதைப் பாவியுங்கள்.

"இந்தியாவிலிருந்து ரெடிமேட் கரோக்கே எடுக்கலாம்தானே?" எடுக்கலாம், இவ்வளவு காலமும் அதைத்தான் செய்தோம். அந்த ட்ராக்கில் எங்கள் கவி வராது.

"பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்கள்." அந்தப் பையன் அதிர்வெண் என்ற பாடத்தை இப்போது முன்னைவிட நன்றாக விளங்கிப் படிக்கிறான். பள்ளிக்கூடத்துப் பாடமும் இதற்குள் இருக்கிறது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். வாவியைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு சின்னக் கீபோர்ட், ஒரு பழைய லெப்டொப், ஒரு மைக் போதும். பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் லீவில் வரும்போது சொக்லட்டோடு இதையும் யோசியுங்கள். தமிழ்ச் சகோதரர்களின் பாடசாலைகளும் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஒரே வாவிதானே.

மூத்தம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி: "என்னைத் தொட்டில்ல போட்டு என்ன பாட்டுப் பாடின நீங்க?" அவ பாடத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். சுதி சரியா, தாளம் சரியா என்று பார்க்காதீர்கள். அனுமதி கேட்டுப் பதிந்து வையுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கருத்துகளை நாகரிகமாகக் கீழே பதியுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். அந்த மூத்தம்மாவின் சுகத்துக்காக ஒரு துஆ செய்துகொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.