விலையும் செலவும்

தள்ளுபடி கண்டு மின்கருவி வாங்கும் நாம், அது நாள்தோறும் கொள்ளும் மின்சாரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. விலை ஒருமுறை கொடுப்பது. மின்கட்டணமோ கருவி உழைக்குங் காலமெல்லாம் தொடர்வது.

எளிய கணக்கொன்று காண்போம். 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், 60 நாளில் 54 யூனிட் செலவாகும். 30 வாட் விசிறிக்கோ 22 யூனிட்டுக்கும் குறைவே. நான்கு விசிறிகளுள்ள இல்லத்தில் வேறுபாடு ஏறத்தாழ 130 யூனிட்!

நம் நாட்டில் 2006இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீடு, 2023 முதல் மின்விசிறிக்கும் கட்டாயமாயிற்று. ஆயினும், அதன் பொருளை விளக்கியுரைக்கும் கடைகள் சிலவே. விலைச்சீட்டின் அருகே ஆண்டு மின்செலவையும் எழுதி வைத்தல் வணிகர் கடன். அதனைக் கேட்டறிந்து வாங்குதல் நம் கடன். கற்றறிந்த மாணவர்கள் இக்கணக்கைத் தத்தம் இல்லத்தார்க்கு எடுத்துரைப்பார்களாக!