நாற்பது பிட் பூட்டு

அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில், 1996 முடியும் வரை, வலுவான குறியாக்க மென்பொருள் ஒரு போர்த்தளவாடம். பீரங்கியும் ஏவுகணையும் இருந்த பட்டியலில்தான் அதுவும் இருந்தது. நாட்டுக்கு வெளியே அனுப்ப வெளியுறவுத் துறையின் உரிமம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் சங்கேதங்களை உடைத்துப் படித்து அதன் பலனை அனுபவித்த நாட்டுக்கு இந்தக் கவலை இருந்ததில் வியப்பில்லை. சங்கேதம் என்றால் தூதரகம், படை என்றிருந்த காலம் அது. வங்கியும் கடையும் கணினி வலைக்குள் வந்த பிறகும் விதி அப்படியே நின்றதுதான் சிக்கல்.

முதல் அடி, பாதுகாப்பான கணினிகளை உருவாக்க முனைந்தவர்கள் மீதே விழுந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1980களில் தன் வாக்ஸ் கணினிகளுக்காக, அமெரிக்க அரசின் தர வரிசையில் உச்சமான ஏ1 தரத்தைக் குறிவைத்து ஒரு பாதுகாப்பு மையநிரலை எழுதியது. பல ஆண்டு உழைப்பு. ஆனால் 1990இல், விற்பனைக்கு வருமுன்பே அது கைவிடப்பட்டது. வாங்குவோர் போதாது என்பது ஒரு காரணம். வெளிநாட்டில் விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு இன்னொரு காரணம். பாதுகாப்பு வேண்டும் என்று தரம் வகுத்ததும், அதை விற்கவிடாமல் தடுத்ததும் ஒரே அரசு.

இணைய உலாவிகளின் கதை இன்னும் விசித்திரமானது. நெட்ஸ்கேப் என்ற உலாவி இரண்டு பதிப்புகளாக வந்தது: உள்நாட்டுக்கு 128 பிட் சாவி, உலகின் மற்ற பகுதிகளுக்கு 40 பிட். ஒரு பிட் கூடினால் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை இரு மடங்காகும். நாற்பது பிட்டில் ஏறக்குறைய 1,10,000 கோடி சாவிகள். மனிதருக்கு மலைப்பான எண். கணினிக்குச் சில நாள் வேலை. 1995 ஆகஸ்டில் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டாமியன் டோலிகேஸ், நூற்றுச் சொச்சம் கணினிகளை முடுக்கிவிட்டு எட்டே நாளில் அப்படியொரு சாவியைக் கண்டெடுத்தார். உளவு அமைப்புகளுக்கு அதைவிடக் குறைந்த நேரமே ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

ஃபில் ஸிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருள் வலை வழியே எல்லை கடந்தது. சுங்கத் துறை அவர் மீது குற்ற விசாரணை தொடங்கியது. மூன்று ஆண்டு இழுத்தடித்த பிறகு, 1996 ஜனவரியில் வழக்கே போடாமல் அது கைவிடப்பட்டது. இடையில் ஒரு வேடிக்கை. வட்டில் பதிந்த மூலநிரல் ஆயுதம். அச்சிட்ட மூலநிரலோ புத்தகம், புத்தகத்துக்குத் தடை இல்லை. ஆகவே 1995இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் நிரலை நூலாகவே அச்சிட்டது. பின்னாளில் அதன் அடுத்த பதிப்பும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் அச்சாகி ஐரோப்பா சென்றது. அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடி, எழுத்துப் பிழை திருத்தி, மறுபடி மென்பொருளாக்கினார்கள். சட்டத்தை ஒரு வரிகூட மீறாமல் இதைவிட அழகாகக் கேலி செய்ய முடியாது.

கலிஃபோர்னியாவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வு மாணவர் இதே விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். மூலநிரலும் அரசமைப்பு காக்கும் பேச்சுதான் என்று நீதிபதி மர்லின் ஹால் படேல் 1996இல் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு இறுதியில் வணிகக் குறியாக்கம் வணிகத் துறையின் பொறுப்புக்கு மாறியது. 2000 ஜனவரியில் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. அதற்குள் வேலை எல்லை தாண்டிவிட்டிருந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் கனடாவின் கால்கரியை மையமாகக் கொண்டதால், குறியாக்கத்தைத் தன்னுள்ளேயே சேர்த்து உலகுக்கு வழங்க முடிந்தது.

நாற்பது என்ற எண் இந்தியாவுக்கும் அந்நியமல்ல. இணையச் சேவை உரிமத்தில் தொலைத்தொடர்புத் துறை, முன் அனுமதி இல்லாமல் 40 பிட்டுக்கு மேல் கூடாது என்று எழுதி வைத்தது. ரிசர்வ் வங்கியோ 2001இல், இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. இரண்டும் டெல்லி, மும்பை அலுவலகங்களின் கோப்புகளில் அருகருகே வாழ்ந்தன.

அமெரிக்க விதி போனாலும் அதற்காக எழுதிய நிரல் போகவில்லை. வெளிநாட்டாருக்கென 512 பிட்டுக்குக் குறுக்கப்பட்ட ஆர்எஸ்ஏ சாவியை (இந்த வகைச் சாவிக்கு 512 பிட்டும் பலவீனமே) ஏற்கும் வழி, பழைய கருவிகளோடு ஒத்துப்போகட்டும் என்று வழங்கிகளில் அப்படியே விடப்பட்டிருந்தது. 2015 மார்ச்சில் ஃப்ரீக் என்ற ஓட்டை அம்பலமானது. இடையில் புகுந்த ஒருவரால், அன்றைய உலாவியையும் வழங்கியையும் ஏமாற்றி அந்தப் பழைய சாவிக்கு இறங்கவைக்க முடிந்தது. வாடகைக் கணினிகளில் ஏறத்தாழ நூறு டாலர் செலவில், சில மணி நேரத்தில் அதை உடைத்தும்விட முடிந்தது. ஆப்பிளின் சஃபாரியும் ஆண்ட்ராய்டு உலாவியும் இதில் மாட்டின. ஆய்வாளர்கள் செய்துகாட்டத் தேர்ந்தெடுத்த இணையதளம், வலுவான குறியாக்கம் வெளியே போகக்கூடாது என்று ஒரு காலத்தில் ஒற்றைக்காலில் நின்ற அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையுடையது.